ஒரு பக்கம் பிறப்புச் செய்தி, மறுபக்கம் குளோரோடைன்: பழைய செய்தித்தாள் துண்டை எப்படி வாசிப்பது?

குன்னூரிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். அவருடைய கடிதத்தின் சுருக்கம் இது:

"பாட்டியின் ட்ரங்குப் பெட்டியில் ஓர் ஆங்கிலச் செய்தித்தாள் துண்டு கிடைத்தது. தேதியும் இல்லை, பத்திரிகையின் பெயரும் இல்லை. ஒரு பக்கத்தில் 'குன்னூரில், இம்மாதம் 14-ஆம் தேதி, இன்னாரின் மனைவிக்கு ஒரு மகள்' என்று இரண்டு வரி. மறுபக்கத்தில் குளோரோடைன், ஹாலோவே மாத்திரை விளம்பரங்கள். அதற்குக் கீழே ஒரு ஓட்டல் விளம்பரம், மேட்டுப்பாளையம் ரயில்வே ஸ்டேஷன் என்ற வரியோடு வெட்டுப்பட்டிருக்கிறது. கொள்ளுப்பாட்டியின் அம்மா அந்தத் துரை பங்களாவில் ஆயாவாக இருந்து, அந்தக் குழந்தைக்குப் பால் கொடுத்தார் என்று வீட்டில் சொல்வார்கள். கொள்ளுப்பாட்டி பிறந்தது ஸ்ரீமுக வருஷம் ஆவணி என்று ஜாதகக் குறிப்பு இருக்கிறது. துண்டு எந்த வருஷத்தது? எங்கள் ஆட்களின் பெயர் எங்காவது கிடைக்குமா? துண்டோடு ஒரு சின்ன நீல பாட்டிலும் இருந்தது. தொட்டால் வரிவரியாக இருக்கிறது, அடியில் கறுப்பாக ஏதோ உறைந்திருக்கிறது. 'வயிற்றுவலிக்கு ஒரு சொட்டு போதும்' என்று தாத்தா சொல்வாராம். அதை என்ன செய்வது?"

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் மற்றவை காத்திருக்கும். அந்த பாட்டிலைத் திறக்காதீர்கள், முகர்ந்து பார்க்காதீர்கள், கழுவவும் வேண்டாம். தாத்தா சொன்னது குளோரோடைன் என்ற பழைய மருந்தைப் பற்றியதாக இருக்கலாம். ஆனால் உங்கள் கையில் இருப்பது குளோரோடைன்தான் என்பதற்கு எந்த உறுதியும் இல்லை. அந்தக் காலத்து இங்கிலாந்து மருந்துக் கடைகளில் விஷப் பொருள்களை நிறக் கண்ணாடியில், வெளிப்புறம் வரிவரியாக மேடு எழுப்பிய பாட்டில்களில் அடைத்துக் கொடுப்பது வழக்கம். இரவில் விளக்கில்லாமல் கையை நீட்டி எடுப்பவருக்கும் விரல் பட்டதுமே 'இது குடிக்கிறதில்லை' என்று தெரிய வேண்டும் என்பதற்காக. மேலே பூசும் நச்சு மருந்துகளும் அப்படித்தான் வந்தன. ஆக, வரி பாட்டில் என்றாலே சந்தேகப்பட வேண்டும்.

ஒருவேளை குளோரோடைனே என்று வைத்துக்கொள்வோம். அப்போதும் சேதி நல்லதில்லை. ஜான் காலிஸ் பிரவுன் என்ற ராணுவ மருத்துவர் இந்தியாவில் இருந்தபோது 1848-இல் காலராவுக்காகக் கூட்டிய மருந்து அது. உள்ளே இருந்தவை அபின், கஞ்சாச் சாறு, குளோரோஃபார்ம். 1856-இல் அவர் தயாரிப்பு உரிமையை லண்டனில் டேவன்போர்ட் என்ற மருந்து வியாபாரியிடம் விற்றார். அப்புறம் அது இருமல், சளி, ஆஸ்துமா, வயிற்றுப்போக்கு, பல்வலி, இசிவு என்று எல்லாவற்றுக்கும் ஆகிப்போனது. வயிற்றுப்போக்கு நின்றது உண்மைதான். அபின் குடலின் ஓட்டத்தை மந்தமாக்கும், வலியையும் மறைக்கும். நோய் போய்விட்டது என்று அர்த்தமில்லை. பாட்டிலில் குளோரோஃபார்மும் சாராயமும் ஆவியாகிப் போனபின் அடியில் கெட்டியாக நிற்பதில் ஒரு சொட்டு என்ன அளவு என்று யாராலும் சொல்ல முடியாது.

எனவே பாட்டிலை நிமிர்த்தி, மூடியுள்ள ஒரு கண்ணாடி ஜாடிக்குள் வைத்து, வெளியே 'விஷம்' என்று எழுதி, குழந்தைகள் கைக்கு எட்டாமல் வையுங்கள். உங்கள் பகுதி டிரக் இன்ஸ்பெக்டர் அலுவலகத்தில் விவரத்தைச் சொல்லி, உள்ளே இருப்பதை அவர்கள் வழியாக அகற்றச் சொல்லுங்கள். அபின் கலந்த பொருளாக இருந்தால் 1985-இன் போதைப்பொருள் சட்டத்துக்குள் வரும் என்பதால், சொல்லிவிட்டுச் செய்வதே நல்லது. காலி பாட்டில் உங்களுடையதுதான், வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

சரி, துண்டுக்கு வருவோம். இப்படிப்பட்ட துண்டைக் கையில் எடுப்பவர்கள் எல்லோரும் குடும்பச் செய்தி இருக்கும் பக்கத்தையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். காலத்தைச் சொல்வது மறுபக்கம். பிறப்புச் செய்தி சுருக்கமானது, ஆனால் பெரும்பாலும் நம்பலாம். மருந்து விளம்பரம் வாய் நிறையப் பொய் சொல்லும், ஆனால் முகவரியில் பொய் சொல்லாது. பணம் வந்து சேர வேண்டுமே!

நீங்கள் அனுப்பிய படத்தில் குளோரோடைன் விளம்பரத்தின் நடுவில் பொடி எழுத்தில் ஒரு பத்தி இருக்கிறது, பாருங்கள். வைஸ் சான்சலர் (அந்தக் கால லண்டன் நீதிபதிப் பதவி ஒன்று) சர் பேஜ் வுட், டாக்டர் காலிஸ் பிரவுனே இதைக் கண்டுபிடித்தவர் என்றும், எதிர்வாதி ஃபிரீமனின் கதை முழுக்கப் பொய் என்றும் நீதிமன்றத்தில் சொன்னார் என்கிறது. அது நிஜ வழக்கு. ஃபிரீமன் என்ற இன்னொரு வியாபாரி, குளோரோடைன் தன்னுடையது என்று விற்றுக்கொண்டிருந்தார். தீர்ப்புக்குச் சான்றாக விளம்பரத்தில் 1864 ஜூலை 13-ஆம் தேதி லண்டன் டைம்ஸைப் பார்க்கச் சொல்வார்கள். அதற்குப் பிறகு பல ஆண்டுகள் இந்த வாசகத்தை விடாமல் அச்சடித்தார்கள். ஆகவே இது கீழெல்லையை மட்டும் தரும்: துண்டு 1864 ஜூலைக்குப் பிந்தியது. பேஜ் வுட் 1868-இல் பதவி உயர்ந்து, நீதித்துறையின் உச்சப் பதவியான லார்டு சான்சலர் ஆகிவிட்டார். விளம்பரமோ அவரை வைஸ் சான்சலராகவே வைத்திருந்தது. எனவே அந்தப் பட்டத்தை வைத்து 1868-க்கு முந்தியது என்று முடிவுகட்டிவிடாதீர்கள்.

அடுத்தது ஹாலோவே. தாமஸ் ஹாலோவே 1837-இல் களிம்போடு ஆரம்பித்து, மாத்திரையையும் சேர்த்து, உலகம் பூராவும் விளம்பரம் செய்தே கோடீஸ்வரர் ஆனவர். அவருடைய கடை முதலில் லண்டன் ஸ்டிராண்டில் 244-ஆம் எண்ணில் இருந்தது. 1867-இல் ஆக்ஸ்போர்டு தெரு 533-க்கு மாறியது. பிற்பாடு கதவிலக்கம் மாறி, விளம்பரங்களில் '78, நியூ ஆக்ஸ்போர்டு தெரு, முன்பு 533' என்று வரத் தொடங்கியது. உங்கள் துண்டில் 533 மட்டும்தான் இருக்கிறது. 1867-க்குப் பிறகு, 78 வருவதற்கு முன்பு.

மூன்றாவது, ஓட்டல் விளம்பரத்தின் அந்த வெட்டுப்பட்ட வரி. போத்தனூரிலிருந்து மேட்டுப்பாளையத்துக்கு ரயில் ஓடத் தொடங்கியது 1873 ஆகஸ்ட் 31. அங்கே ரயில்வே ஸ்டேஷன் இருப்பதாக ஓர் ஓட்டல்காரர் எழுதுகிறார் என்றால் துண்டு பெரும்பாலும் அதற்குப் பிந்தியது. மலை ரயில் குன்னூருக்கு ஏறியது 1899-இல்தான். அதுவரை மேட்டுப்பாளையத்தில் இறங்கி, வண்டியிலோ குதிரையிலோ பல்லக்கிலோதான் மேலே வர வேண்டும். அதனால்தான் மலை ஓட்டல்கள் அந்த ஸ்டேஷன் பெயரை அவ்வளவு பெரிதாகப் போட்டன.

இப்போது உங்கள் ஜாதகக் குறிப்பு. அறுபது வருஷச் சுற்றில் ஸ்ரீமுக 1873 ஏப்ரலில் தொடங்கி 1874 ஏப்ரலில் முடிகிறது. நம் ஊரில் எல்லோருக்கும் தெரிந்த தாது வருஷப் பஞ்சம் 1876-இல் தொடங்கியது. ஸ்ரீமுக, பவ, யுவ, தாது என்று விரல் விட்டு எண்ணிப் பாருங்கள், சரியாக வரும். முந்தைய ஸ்ரீமுக 1813, அப்போது குன்னூரில் துரைகளே கிடையாது. கோயம்புத்தூர் கலெக்டர் ஜான் சல்லிவன் மலையேறியதே 1819-இல். அடுத்தது 1933. ஆகவே கொள்ளுப்பாட்டி பிறந்தது 1873 ஆகஸ்ட் நடுவிலிருந்து செப்டம்பர் நடுவுக்குள். அவருடைய அம்மா வேறொரு குழந்தைக்குப் பால் கொடுத்தார் என்றால் அந்தக் குழந்தை அதே சமயத்திலோ அடுத்த சில மாதங்களிலோ பிறந்திருக்க வேண்டும். 1873 செப்டம்பர் முதல் 1874 நடுப்பகுதி வரை வந்த இதழ்களில் தேடுங்கள். கதை பொய்யாக இருந்தாலும் மற்ற மூன்று தடயங்களும் அந்தக் காலத்துக்கு ஒத்தே வருகின்றன. இத்தனை நெருக்கமாகக் காலம் அமைவது அபூர்வம்.

எந்தப் பத்திரிகை? 1878-இல் தொடங்கிய ஹிந்துவிலும் 1882-இல் தொடங்கிய சுதேசமித்திரனிலும் தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம். 1868-இல் வந்த மெட்ராஸ் மெயில், அதற்கும் மூத்த மெட்ராஸ் டைம்ஸ், ஊட்டியிலேயே அச்சான சவுத் ஆஃப் இந்தியா அப்சர்வர், இந்த மூன்றில் ஒன்றாக இருக்கவே வாய்ப்பு அதிகம்.

அதில் வரும் பிறப்பு, திருமண, இறப்புச் செய்திகள் 'டொமஸ்டிக் அக்கரன்சஸ்' என்ற தலைப்பில் ஒரே பத்தியாக இருக்கும். குடும்பத்தாரே கொடுத்தவை. 'இன்ஸ்டன்ட்' என்றால் பத்திரிகை வந்த அதே மாதம், 'அல்டிமோ' என்றால் போன மாதம். உங்கள் துண்டில் இன்ஸ்டன்ட் இருப்பதால் 14-க்கும் மாதக் கடைசிக்கும் இடைப்பட்ட இதழ்களைப் பார்த்தால் போதும். பெற்ற தாயின் பெயர் இருக்காது, 'இன்னாரின் மனைவி' அவ்வளவுதான். குழந்தைக்கும் பெயர் இருக்காது. கணவர் பெயருக்குப் பின்னால் வரும் மூன்று எழுத்தை மட்டும் விட்டுவிடாதீர்கள். உங்கள் துண்டில் எம்.எஸ்.சி. என்று இருக்கிறது. அது படிப்புப் பட்டம் இல்லை, மெட்ராஸ் ஸ்டாஃப் கோர், அதாவது ராணுவ அதிகாரி. எம்.சி.எஸ். என்றிருந்தால் மெட்ராஸ் சிவில் சர்வீஸ். அதை வைத்து அவர் எந்த ஊருக்கு மாற்றலாகிப் போனார் என்று பின்தொடரலாம்.

நீலகிரிச் செய்திகளில் ஒரு பொறி உண்டு. குன்னூரிலோ வெலிங்டனிலோ இறந்தார் என்றால் அங்கே குடியிருந்தார் என்று அர்த்தமில்லை. உடம்பு தேற மலைக்கு அனுப்பப்பட்டு, தேறாமல் போனவர்கள் ஏராளம். பிரசவத்துக்கும் கோடைக்கும் மேலே வந்தவர்களும் அப்படியே. துரையின் வீடு சென்னையிலோ திருச்சியிலோ இருந்து, மனைவி மட்டும் குன்னூரில் வாடகை பங்களாவில் இருந்திருக்கலாம். அப்படியானால் உங்கள் குடும்பமும் அவர்களோடு கீழ்நாட்டிலிருந்து ஏறி வந்ததாக இருக்கலாம். இதை வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டுப் பாருங்கள்.

தேடுவதற்குச் சென்னை வரை ஓடுவதற்கு முன், வீட்டிலிருந்தே செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. இந்தியாவில் வந்த பிறப்பு இறப்புச் செய்திகளை லண்டனில் ஹோம்வர்டு மெயில், ஆலன்ஸ் இந்தியன் மெயில் போன்ற பத்திரிகைகள் மறுபடி அச்சிட்டன, இங்கிலாந்தில் இருந்த உறவினர்களுக்காக. சூயஸ் கால்வாய் 1869-இல் திறந்தபின் தபால் மூன்று நான்கு வாரங்களில் போய்விடும். ஆகவே மூல இதழ் கிடைக்காவிட்டாலும், ஒரு மாதம் தள்ளி அங்கே அகப்படும். பிரிட்டிஷ் நியூஸ்பேப்பர் ஆர்க்கைவ் என்ற கட்டண இணையதளத்தில் இவை இருக்கின்றன. கட்டணம் இல்லாமல் தேட, ஃபிபிஸ் என்ற பிரிட்டிஷ் இந்தியக் குடும்ப ஆய்வுச் சங்கத்தின் தளம் இருக்கிறது. ஊர்ப் பெயரை இன்றைய எழுத்துக்கூட்டலில் மட்டும் போடாதீர்கள். நீலகிரியை நெய்ல்கெர்ரி என்றும் மேட்டுப்பாளையத்தை மெட்டபோலியம் என்றும் எழுதிய காலம் அது.

நேரில் போக முடிந்தால் எழும்பூரில் தமிழ்நாடு ஆவணக் காப்பகம், கன்னிமாரா நூலகம். ஊட்டியில் 1859-இல் தொடங்கிய நீலகிரி நூலகம் இருக்கிறது, முன்கூட்டியே எழுதி அனுமதி வாங்கிக்கொண்டு போங்கள்.

போகும்போது துண்டை எடுத்துப் போக வேண்டாம், இரண்டு பக்கமும் ஸ்கேன் செய்த படம் போதும். லாமினேட் செய்துவிடாதீர்கள், செலோ டேப்பும் ஆகாது. ஆல்பத்தில் பசை போட்டு ஒட்டினால் இவ்வளவு நேரம் நாம் படித்த மறுபக்கம் போய்விடும். அமிலமில்லாத தாள் உறையில் போட்டு, காற்றாடும் அலமாரியில் வையுங்கள். குன்னூர் மழைக்காலத்தில் பூஞ்சணமும் இராமபாணப் பூச்சியும்தான் எதிரிகள். உறைக்குப் பக்கத்தில் சிலிகா ஜெல் பொட்டலம் வைத்து அடிக்கடி மாற்றுங்கள்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்கிறேன், ஏனென்றால் கடிதத்தின் ஓரத்தில் 'அந்தக் கால மருந்துக்கு இருந்த சக்தி இப்போது இல்லை' என்று எழுதியிருக்கிறீர்கள். ஹாலோவேயும், பீச்சம் என்ற இன்னொரு ஆங்கிலேய வியாபாரியும் விற்ற மாத்திரைகளின் சக்தி முக்கியமாகக் கரியபோளத்தின் சக்தி. கற்றாழைப் பாலைக் காயவைத்தால் வருவது, நம் நாட்டு மருந்துக் கடையில் இன்றும் கிடைக்கும், நன்றாகப் பேதியாகும். 'பெட்டி ஒன்று கினி பெறும்' என்று விளம்பரம் செய்த பீச்சம் மாத்திரையை 1909-இல் பிரிட்டிஷ் மருத்துவச் சங்கம் பிரித்துப் பார்த்தது. கரியபோளம், சுக்குத்தூள், சோப்பு. 56 மாத்திரை கொண்ட பெட்டியின் விலை ஒரு ஷில்லிங் ஒன்றரை பென்ஸ், உள்ளே இருந்த சரக்கின் மதிப்பு அரை ஃபார்திங் (ஷில்லிங்குக்கு 12 பென்ஸ், ஒரு பென்னிக்கு 4 ஃபார்திங்). நூறு மடங்குக்கும் மேலே! அந்த ஒன்றரை பென்ஸும் சும்மா வந்ததல்ல, ஒரு ஷில்லிங் மருந்துக்கு அரசாங்கம் வாங்கிய முத்திரை வரி. பெட்டியின் மேல் அரசு முத்திரையைப் பார்த்த ஜனங்கள், சர்க்காரே சான்று கொடுத்த மருந்து என்று நினைத்துக்கொண்டார்கள். கம்பெனிகளும் அந்த நினைப்பைத் திருத்தவில்லை. 'பேட்டன்ட் மருந்து' என்று பேர் பெற்றவற்றில் பெரும்பாலானவற்றுக்குப் பேட்டன்டே கிடையாது. வாங்கினால் கூட்டுச் சரக்கை வெளியில் சொல்ல வேண்டுமே.

குழந்தை மருந்துகள் இன்னும் மோசம். 1849-இல் அமெரிக்காவில் வந்த மிஸஸ் வின்ஸ்லோ சிரப் பல் முளைக்கும் குழந்தைகளைத் தூங்கவைத்தது மார்ஃபினால். காட்ஃப்ரே கார்டியலில் இருந்தது அபின். துரைசானிகளுக்கு எழுதப்பட்ட வீட்டு நிர்வாகக் கையேடுகளோ, ஆயாக்கள் குழந்தைக்கு அபின் கொடுத்துத் தூங்கவைப்பார்கள், ஜாக்கிரதை என்று எச்சரித்தன. அதே சரக்கு லேபிள் ஒட்டி மேஜைமேல் இருந்தால் அது மருந்து. உங்கள் எள்ளுப்பாட்டியின் மேல் இப்படி ஒரு பழி விழுந்ததாக வீட்டில் கதை இருந்தால் அதையும் எழுதி வையுங்கள்.

அந்தக் காலத்தில் உண்மையிலேயே வேலை செய்த மருந்து உங்கள் மலையிலேயே வளர்ந்தது. 1860-ஐ ஒட்டி கிளெமென்ட்ஸ் மார்க்கம் என்ற ஆங்கிலேயர் தென் அமெரிக்காவிலிருந்து கொண்டுவர ஏற்பாடு செய்த சின்கோனா மரத்தை, ஊட்டி தாவரவியல் பூங்காவை அமைத்த மெக்ஐவர் தொட்டபெட்டாவிலும் நடுவட்டத்திலும் வளர்த்தார். நம்மவர்கள் கொய்னா என்பார்களே, அதுதான். மலையடிவாரக் காட்டுக் காய்ச்சலுக்கு அந்தப் பட்டை கேட்டது, ஹாலோவே மாத்திரை கேட்கவில்லை. வார்பர்க் டிங்சர் என்ற ரகசிய மருந்து காய்ச்சலுக்குக் கேட்டதன் காரணமும் அதுதான். 1875-இல் அதன் கூட்டு வெளியானபோது உள்ளே கொய்னா இருந்தது.

கடைசியாக, உங்கள் ஆட்கள். ஆயாவின் பெயர் அந்தப் பத்தியில் வராது, தேட வேண்டாம். 1870களில் ஒரு தமிழ்க் குடும்பத்தின் பிறப்பும் இறப்பும் ஆங்கிலப் பத்திரிகையில் வர வேண்டுமென்றால் அவர் பெரிய உத்தியோகஸ்தராகவோ வக்கீலாகவோ இருந்திருக்க வேண்டும். பத்திரிகையை விட்டுவிட்டு பதிவேடுகளுக்குப் போங்கள்.

துரையின் குழந்தைக்கு ஞானஸ்நானம் பெரும்பாலும் குன்னூர் ஆல் செயிண்ட்ஸ் ஆலயத்தில் நடந்திருக்கும். பதிவேட்டில் தாயின் பெயர், தந்தையின் தொழில், குடியிருந்த இடம் எல்லாம் வரும். சென்னை மாகாணத்து ஆலயப் பதிவுகளின் நகல்கள் லண்டனுக்குப் போயின. பிரிட்டிஷ் நூலகத்தின் இந்தியா ஆபீஸ் ஆவணங்களில் என்/2 என்ற வரிசையில் இருக்கின்றன. பங்களாவின் பெயர் கிடைத்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

உங்கள் குடும்பம் கிறிஸ்தவக் குடும்பமாக இருந்திருந்தால் தமிழ்ச் சபைகளின் ஞானஸ்நான, அடக்கப் பதிவேடுகளையும் தனியாகக் கேளுங்கள். ஆங்கிலேயர் ஆலயத்துப் பதிவேட்டில் இல்லை என்றதும் திரும்பி வந்துவிடாதீர்கள். கத்தோலிக்கர் என்றால் பங்குக் கோயில் பதிவேடு. ஜாதகம் எழுதிய இந்துக் குடும்பம் என்றால் வழி கொஞ்சம் கரடுமுரடு. குன்னூர் நகராட்சி 1866-லேயே வந்துவிட்டாலும், மாகாணத்துக்குப் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டம் வந்தது 1899-இல். ஆகவே 1873 பிறப்பைத் தேடுவதைவிட, கொள்ளுப்பாட்டியின் இறப்பையும் அவருடைய பிள்ளைகளின் பிறப்பையும் 1900-க்குப் பிந்தைய பதிவேடுகளில் தேடுவது பலன் தரும். இறப்புப் பதிவில் வயதும் தகப்பனார் அல்லது கணவர் பெயரும் கிடைக்கலாம். அங்கிருந்து பின்னோக்கி நகருங்கள். குடும்பத்தில் யாராவது எஸ்டேட்டில் பேர் பதிந்திருந்தால் பழைய செக்ரோல் புத்தகம் (தொழிலாளர் வருகைப் பதிவேடு) இருக்கிறதா என்று தோட்ட ஆபீசில் கேளுங்கள். பழைய பட்டா, கிரையப் பத்திரம், கோயில் நன்கொடைக் கல், எதுவும் சின்னதில்லை.

ஜாதகக் குறிப்பின் படத்தை அடுத்த கடிதத்தோடு அனுப்புங்கள். அதில் தேதியும் நட்சத்திரமும் கிழமையும் இருந்தால் ஆவணியில் எந்த நாள் என்பதையே கணக்கிட்டுச் சொல்லிவிடலாம். அந்த நாள் தெரிந்தால் தேட வேண்டிய இதழ்களின் எண்ணிக்கை இன்னும் குறையும்.